குறைக்கிற மருந்து

அக்கா மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பாள். எப்போது பேசினாலும், "மாமா, கண்ணாடியைத் துணியில துடைக்கிறீங்களா, இல்ல அதே சட்டைதானா?" என்பாள்.

இருபத்தாறு வயதில் அவளுடைய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியது. ஆங்கிலத்தில் இருந்த மருத்துவமனை அறிக்கையை வெளிநாட்டிலிருந்த நான்தான் ஃபோனில் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். இனிக் குணமாக்க முடியாது, வலியை மட்டும் குறைக்கலாம் என்றிருந்தது. முதல் பாதி எனக்கு வாயில் வரவில்லை.

"குறைக்கிற மருந்து தர்றாங்கக்கா."

"ஏய், குறையுதாம்டி!" என்று அக்கா கூவினாள்.

மகள் ஃபோனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அறிக்கையை அவளும் படித்திருந்தாள்.

"பாதியைத்தான் படிச்சீங்க போல. கண்ணாடியைத் துடைங்க மாமா. மீதியை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியாது."

"நாளைக்குச் சொல்றேன்மா."

அதன்பின் அவள் உயிரோடு இருந்த நாற்பது நாளும் அதையே சொன்னேன்.

அவள் போய் இன்றோடு ஒரு வருடம். வீடியோவில் எல்லோரும் அவளுடைய கேலிப் பேச்சுகளைச் சொல்லிச் சிரித்து அழுதார்கள். அக்கா மட்டும் என்னையே பார்த்தாள்.

"குறைஞ்சுக்கிட்டுத்தானேடா வந்துச்சு? அப்புறம் எப்படிடா?"

நான் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.