ஆறாவது பொட்டு

கொட்டாஞ்சேனையில் அந்தச் சந்து முழுக்க செலீனுக்கு ‘கிருமி மிஸ்’ என்றுதான் பெயர். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கிருமி வளர்த்துப் பார்ப்பது அவள் வேலை. அப்படிப்பட்டவளின் பிரிட்ஜுக்கு மேலேயே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. காய்ச்சல் விட்டதும் மிஞ்சும் கிருமி கொல்லும் குளிசைகளை அந்தச் சந்தில் யாரும் வீசுவதில்லை. டின்னில் போட்டு வைத்து, கேட்கிற வீட்டுக்குக் கொடுப்பார்கள். என்ன படித்து என்ன!

துறைமுகத்தில் வேலை செய்யும் அவள் கணவன் பிறெடிக்குக் காலில் கம்பி கீறியது. டின்னைத் திறந்து கொடுத்தவள் செலீன்தான். “ரெண்டு நாள் போடுங்கோ, காணும்.” வீக்கம் வடிந்தது, மறுபடி ஏறியது. இன்னும் நாலு குளிசை. பத்தாம் நாள் கால் கறுத்து, அவன் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

“கிருமி மருந்துக்குக் கேக்கேல்லையெண்டா காலை எடுக்க வேண்டி வரும், மிஸ்,” என்றார் டொக்டர் நப்ரீஸ்.

காலின் சீழில் இருந்து வளர்த்தெடுத்த கிருமியை வளர்ப்புத் தட்டில் தடவி, மருந்து ஊறிய ஆறு கடதாசிப் பொட்டுகளை அவளே வைத்தாள். மறுநாள் காலை தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் பொட்டு, டின்னில் இருந்த அதே மருந்து. கிருமி அதற்குக் கேட்காமல் அதன் ஓரம்வரை முளைத்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. ஐந்துவரை அதே கதைதான். செலீன் தட்டைக் கொஞ்சம் திருப்பினாள். பாவி, அரையும் குறையுமாக என் கையாலேயே கொடுத்துக் கிருமியைப் பழக்கிவிட்டேனே.

ஆறாவது பொட்டைச் சுற்றி ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி ஒரு வட்டம். இருபத்தாறு மில்லிமீற்றர். ஆயிரம் தடவை அளந்தவளுக்கு அன்று மேல் சிலிர்த்தது. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டி வாழ்வது. அந்தச் சுவரைக் கட்டவிடாமல் இந்த மருந்து கெடுக்கும், கிருமி உப்பி வெடிக்கும். மனித உடம்பின் உயிர்க்கலங்களுக்கு அப்படிச் சுவரே கிடையாது, அதனால் அவற்றை விட்டுவிடும். இவ்வளவு பெரிய பிறெடிக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாததைத் தேடி உடைத்து, அவனை அப்படியே விட்டுவைக்கப் போகிறது. ஆண்டவரே, இது எவ்வளவு பெரிய விசயம்!

“டொக்டர், ஒரு மருந்துக்குக் கேக்குது!” என்று போனில் கத்தினாள்.

பிறெடி இரண்டு காலோடும் வீடு வந்த கிழமை, பக்கத்து வீட்டு மயிலம்மா படியேறினாள்.

“செலீன், நெஞ்செல்லாம் சளி. டின்னில ரெண்டு குளிசை எடுத்துத் தாவன்.”

செலீன் டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே பிஸ்கட்.

“ஆறு மருந்தில ஒண்டுதான் அக்கா எங்களைக் காப்பாத்தினது. சீலையை மாத்துங்கோ, டொக்டரிட்டப் போவம்.”