காயாத ஐசிங்

அக்காவின் கல்யாண எழுத்துக்கு, அதுதான் பதிவுக்கு, தையில் நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு வெள்ளவத்தை, சைவக்காரர். நாங்கள் கொட்டாஞ்சேனை, கிறிஸ்தவ வேதக்காரர். இதில் யாருக்கும் சண்டை கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து போனார், சிரித்துக் கதைத்தார், அக்காவின் தலையைத் தடவினார். ஆனால் எதையும் வாயில் வைக்கவில்லை. அவர் மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் தொடாதவர். மச்சம் சமைக்கிற வீட்டிலும் சாப்பிடமாட்டார். கொடுத்ததை வாங்கி, சேர்வியட் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்து, "வீட்ட போய் ஆறுதலாச் சாப்பிடுறன்" என்பார். வாழைப்பழத்துக்கும் அதே மரியாதைதான்.

"தோலோட இருக்கிற பழத்தில எங்கட மீன்குழம்பு எப்பிடி ஏறும்?" என்று அம்மா கேட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கொரு பிள்ளை பிறந்தா, அதை இந்த வீட்டில சாப்பிட விடுவினமோ? அதைத்தான் யோசிக்கிறன்."

எனக்கு அப்போது பேக்கிங் பைத்தியம். அதற்கு முந்தியது கொரியமொழி. களனிக்குக் கம்பஸ் போய்த் திரும்பும் பஸ்ஸில் வீடியோ பார்த்துக்கொண்டே வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன கொடுக்கலாம் என்பதற்குப் பதில் கிடைத்தது. கிறிஸ்மஸ் கேக்கில் முட்டையும் பிராண்டியும். லவ் கேக்கில் முட்டை தவிர வேறொன்றுமில்லை என்றே சொல்லலாம். ஷார்ட்பிரெட் பிஸ்கட்டில் பட்டர், சீனி, கோதுமை மா, அவ்வளவுதான். கிறிஸ்மஸுக்கு அவர்கள் வரும்போது கொடுக்கலாம். மேலே பூச வெள்ளைக்கருவில் அடித்த ஐசிங். காய்ந்தால் சுவர்ப் பூச்சு மாதிரி இறுகும் என்று வீடியோக்காரி சொன்னாள்.

"எடி, வெள்ளைக்கரு எந்த மரத்தில காய்க்குது?" என்றாள் அக்கா.

ஐசிங் சீனியைத் தேசிக்காய்ப் புளியில், எலுமிச்சைச் சாற்றில், கரைப்பது என்று முடிவாயிற்று. பேக்கிங் தட்டும் கோப்பையும் புதிதாக வாங்கினேன். பிஸ்கட் சுடும் மின்சார அவனில் போன வருடம் கோழி வெந்தது. அதை மட்டும் புதிதாக வாங்க முடியாது. சோடா மாவும் வினாகிரியும் போட்டு, கம்பி மினுங்கும்வரை தேய்த்தேன். பிசைந்த மாவை ஃபிரிஜ்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைக்க அக்கா விடவில்லை. மீன் முழுவதும் அடுத்த வீட்டு ஃபிரிஜ்ஜுக்குக் குடிபோனது.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் வருகிறோம் என்றார்கள். அன்று காலை சுட்டெடுத்தேன். ஓரம் இலேசாகச் சிவந்து, நடு வெளிறி, உடைத்தால் மணலாக உதிர்ந்தது. சரியாக வந்திருந்தது. ஆறவைத்து ஐசிங் பூசினேன். அதன் பிறகுதான் மழை பிடித்தது.

மழைக்காற்றில் ஐசிங் காயவில்லை. இரசாயனவியல் படிக்கிறவள் இதை முன்பே யோசித்திருக்கலாம். முன் அறையில் ஸ்டாண்ட் ஃபேனை முழு வேகத்தில் தட்டுக்கு நேரே வைத்தேன். பக்கத்தில் கிறிஸ்மஸுக்கு வைத்த பாலன் குடிலின் வைக்கோல் பறந்தது, ஆட்டுப் பொம்மைகள் சரிந்தன. விரலால் தொட்டால் நூல் மாதிரி இழுபட்டது.

"பெட்டியில அடுக்கிக் குடுக்கலாம் எண்டாய்," என்றாள் அக்கா.

"காஞ்சா அடுக்கலாம்."

"எப்ப காயும்?"

"மழையைக் கேள்."

விடுமுறையில் ரோட்டு வெறிச்சோடிக் கிடந்ததால் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஃபேனை நிறுத்த மறந்து தட்டை நீட்டினேன். மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக் கடித்தார். அவருடைய அம்மா ஒன்றை எடுத்து, வழக்கம்போல் சேர்வியட்டை விரித்தார். வைத்தார். சுற்றினார். ஐசிங்கோடு கடதாசி ஒட்டிக்கொண்டது. பிரித்தால் பாதி ஐசிங் கடதாசியில், மீதி விரலில். கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்தார், மூடினார். மேசையில் வைக்கவும் மனமில்லை போல, பிஸ்கட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"முட்டை போட்டதோ பிள்ளை?"

"இல்லை ஆன்ட்டி. ஐசிங்கிலயும் இல்லை. அதாலதான் காயேல்லை."

"தட்டு?"

"புதுசு. அவன் பழசு ஆன்ட்டி. கோழி வெந்த அவன். நல்லாக் கழுவினனான்."

அக்கா என் காலை மிதித்தாள். அம்மா யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை அடுத்ததை எடுத்துக்கொண்டே, "அம்மா, உருகி சாறியில விழப்போகுது," என்றார்.

"நீ வாயை மூடிக்கொண்டு தின்னு."

அவர் பிஸ்கட்டுக்குக் கீழே மற்றக் கையை ஏந்தி, ஒட்டியிருந்த கடதாசியை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, ஓரத்தில் கடித்தார். ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. மெதுவாக மென்று முழுவதையும் முடித்தார். பிறகு பிசுபிசுத்த விரல்களை விரித்துப் பிடித்து, "கை கழுவ எங்க போறது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் கை கழுவ ஒரே இடம், சமையல் நடக்கும் குசினிச் சிங்க். பக்கத்திலேயே மத்தியானம் இறைச்சி வெந்த சட்டி. அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவர எழும்பினார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தேசிக்காய் கூடிப்போச்சு, பிள்ளை," என்று என்னிடம் சொன்னார். "அடுத்தமுறை குறைச்சு விடு."

"ஓம் ஆன்ட்டி," என்றேன். உண்மையில் தேசிக்காய் அளவாகத்தான் இருந்தது.

அக்கா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். குனிந்து, குடிலில் சரிந்து கிடந்த ஆடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.