எஸ்தர் மறந்துவிட்டுப் போன குடை

எஸ்தர் இறந்துவிட்டார் என்று மதுராந்தகத்திலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது, "எந்த எஸ்தர்?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. எந்தச் செய்தியையும் உலுக்கிப் பார்க்காமல் ஏற்காத புத்தி எனக்கு. செங்கல்பட்டு அலுவலகத்தில் என்னோடு குப்பை கொட்டிய உங்களுக்கு அது தெரியும். எஸ்தருக்கு உங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தொண்டு நிறுவனம் ஓர் ஆய்வில் இறங்கியது. மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும். தூக்கம் வருகிறதா, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போக முடிகிறதா, கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்றெல்லாம் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். குறைவாக வரும் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் உதவிக்கு ஆள் அனுப்புவோம். எஸ்தர் கடலோர ஊர்களுக்குப் போய்க் கேட்டு வருவார். நான் படிவங்களைச் சரிபார்ப்பேன்.

அவர் படிவங்களில் நீல மையில் நான்கும் ஐந்துமாக இருக்கும். பிறகு அவற்றை அடித்துவிட்டு, கறுப்பு மையில் ஒன்று, இரண்டு. வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்குத் திருத்துகிறார் என்று முடிவுகட்டினேன். கேட்டால், "குடைய மறந்து வெச்சிட்டேன் சார். எடுக்கப் போனப்ப மாத்திச் சொன்னாங்க" என்பார். வாரத்துக்கு நான்கு வீட்டில் குடையை மறக்கும் பெண்மணியை எப்படி நம்புவது?

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் கஸ்தூரி என்றொரு பெண். மறதி நோய் மாமனாருக்கு. அவள் படிவத்திலும் கறுப்பு மை. நானே கிளம்பிப் போனேன். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் கேள்வியை முடிப்பதற்குள், "அதுக்கு இன்னா சார் கொற? நல்லாத்தான் கீது" என்றான். கஸ்தூரியும் தலையாட்டினாள். கறுப்பை அடித்து ஐந்துகளைப் போட்டேன். அவளுக்குப் போகவிருந்த ஆளையும் நிறுத்திவிட்டேன்.

எஸ்தர் சண்டை போடவில்லை. "உங்க கண்ணாடிய அங்க வுட்டுட்டு வந்துட்டதா நெனச்சுக்குங்க. வாங்க சார்" என்று அடுத்த வாரம் அழைத்துப் போனார். குழாயடியில் கஸ்தூரி தனியாக இருந்தாள். என்னைக் காதில் விழும் தூரத்தில் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எஸ்தர் ஒரு கேள்வியும் கேட்காமல் குடத்தை மட்டும் பிடித்தார். அவளே பேசினாள்.

"கக்கூஸ் போவணும்னாகூட கெழவர என் பொடவையால கட்டில் கால்ல கட்டிட்டுத்தான் போறேன்க்கா. அன்னிக்கு அவுத்துகினு கடலுக்குள்ள எறங்கிட்டாரு. போவட்டும்னு கொஞ்ச நேரம் பாத்துகினே நின்னேன். அப்புறம்தான் ஓடுனேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே ஆளை அனுப்பினோம். குழாயடியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் எஸ்தர் சொன்னார்: "மொத வாட்டி சொல்றது வூட்டுக்காரங்க காதுக்கு சார். ரெண்டாவது வாட்டி சொல்றதுதான் நமக்கு."

அதற்குப் பிறகு கறுப்பு மையை நான் தொட்டதில்லை. யார் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் நம்பியதும் இல்லை.

தினமும் காலையில் "எப்படி இருக்கீங்க எஸ்தரம்மா?" என்பேன். "நல்லா கீறேன் சார்" என்பார். வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அவர் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு மத்தியானம் என் மேசையில் குடையை விட்டுவிட்டுப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து நின்றார். "என்கிட்டயேவா?" என்று சிரித்தபடி குடையை எடுத்து நீட்டினேன். அவரும் சிரித்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடக்கத்துக்கு மதுராந்தகம் போனேன். வாசலில் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, "எஸ்தர் எங்கப்பா? நாஸ்தா குடுக்காம எங்க போச்சு?" என்றார். தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டார். எத்தனை நாளாக இப்படி என்று மகளிடம் விசாரித்தேன்.

"அம்மா ஆபீஸ் போய்க்கினு இருந்தப்பவே ஆரமிச்சிடுச்சு சார். உங்களுக்குத் தெரியாதா?"

எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், அவர் ஒருவரை மட்டும் முதல் வாட்டியிலேயே நம்பியிருக்கிறேன்.

நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள் மகள். கதவோரம் குடை சாய்ந்திருந்தது. வேண்டாம் என்றேன். எஸ்தரிடமிருந்து எனக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது, அதுவே போதும்: அன்று அவர் அந்தக் குடையை மறந்துதான் போனாரா? திரும்பப் போய்க் கேட்க இனி வழியில்லை.