ஒமேகா எல், யட ஆன கதை

பாலிடெக்னிக்கில் மின் துறை படித்தபோது, வகுப்பிலேயே டேப்லெட்டில் குறிப்பெடுத்தவன் நான் ஒருவன்தான். பக்கத்து இருக்கை நண்பன் கோடு போட்ட நோட்டுக்காரன். "சார்ஜ் தீந்தா நீ அவுட்டு. ரீஃபில் தீந்தா நான் கடைக்குப் போவேன்" என்று சீண்டுவான்.

ஏ.சி. சர்க்யூட் பாடத்தில் இரண்டு டெஸ்டிலும் அவன் ஃபெயில். மூன்றாவதும் போனால் இன்டர்னல் மார்க் அம்பேல். அந்த வாரம் பார்த்து அவன் வீட்டில் கடலை அறுவடை.

"மல்லாட்டை புடுங்கறோம் மச்சி, கிளாஸுக்கு வர முடியாது. நோட்ஸ் அனுப்பு."

என் கையெழுத்தைக் கிண்டலடிப்பானே என்று, அதை அச்செழுத்தாக மாற்றும் பொத்தானை அழுத்தி, திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

டெஸ்ட் அன்று செஞ்சியில் நான் ஏறிய திண்டிவனம் பஸ்ஸில், அவன் வல்லத்தில் ஏறினான். முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

"எல்லாம் மனப்பாடம் மச்சி. கேளு."

"இண்டக்டிவ் ரியாக்டன்ஸ்?"

"யட!"

"இன்னாது?"

"யட. தமிழ்ல பேரு வெச்சிட்டாங்க போல. நல்லாத்தான் இருக்குது."

டேப்லெட்டைத் திறந்தேன். மொழி தமிழில் இருந்திருக்கிறது. ஃபார்முலாவில் w போல வளைந்த ஒமேகாவை 'ய' என்றும், எல் என்ற எழுத்தை 'ட' என்றும் அது படித்து வைத்திருந்தது. பக்கம் பூராவும் யட, யட.

"டேய், அது ஒமேகா எல்டா!"

"அடப்பாவி! யட யடன்னு நான் கத்துனதுக்கு, 'யார்ரா அவன், இந்தத் திட்டு திட்ற'ன்னு நைனா கேட்டாருடா!"

திருத்திக் காட்டலாமென்றால் ஜன்னல் வெயிலில் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. அவன் நோட்டைத் தொடையில் விரித்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். பஸ் குலுங்கியதில் எல்லாம் கோழிக் கிறுக்கல். ஆனாலும் ஒமேகா ஒமேகாவாகவே இருந்தது.

பாஸாகிவிட்டான். ஒரு கணக்கில் மட்டும் கை தவறி 'யட' என்று எழுதி அடித்திருந்தான். சார் அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"நாளைக்கு வரல, மல்லாட்டை காயப் போடணும்" என்று தன் பேனாவை என் கையில் திணித்தான். "பேப்பர்ல எழுதி போட்டோ அனுப்பு. உன் மெஷினு படிக்க வேணாம், நானே படிச்சிக்கிறேன்."

மறுநாள் காகிதத்தில் சர்க்யூட் வரைந்தேன். ஒரு கோடு தப்பாகப் போனது. டேப்லெட்டில் அழிக்கிற பழக்கத்தில் இரண்டு விரலால் காகிதத்தைத் தட்டினேன். போகவில்லை. இன்னொரு தட்டு தட்டிப் பார்த்தேன்.