பதினாறாம் நாள் வராத வீட்டின் இரவுச் சமையல்

உடல் கிடைக்காத ஒருவனுக்குப் பதினாறாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? 2005ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதமும் எங்கள் வீட்டு அடுப்பு இந்தக் கேள்வியின் மேல்தான் எரிந்தது. ஆனால் யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, பொழுது சாயும்போதெல்லாம் "ராத்திரிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை கவிச்சி சேர்ப்பதில்லை. மீன், கறி, முட்டை எதுவும் வாசற்படி தாண்டாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் கறி எடுத்துச் சமைத்து, எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறி, துக்கத்தைக் கழித்துவிட்டுப் போவார்கள். துக்கத்துக்கு வரப்புக் கட்டுகிற நல்ல ஏற்பாடு இது என்று, சமூகவியல் படித்தவள் என்ற முறையில், நான் மதிப்போடு எண்ணியிருந்தேன். அந்த வரப்பைக் கட்டத் தொடங்குவதற்கு முதலில் ஓர் உடல் வேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கும் தேவை அதுவரை வந்ததில்லை.

என் அண்ணன் உப்பு லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தான். மணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. 2004 டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி, "சங்கரா மீன் கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்றாள். அம்மா ஒயர் கூடையை எடுத்துக் கொடுத்தாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மீனவர் குப்பத்துக்குப் போனான். கடல் ஊருக்குள் வந்த காலை அது. வண்டி சவுக்குத் தோப்பில் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

முதல் சில வாரங்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. அந்தக் கரையில் யாருமே அப்போது மீன் தொடவில்லை. கடல் எதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்; அதைத் தின்ற மீனை எப்படித் தின்பது என்று பயந்தார்கள். ஆகவே அம்மா மீன் சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்து வைத்தபோது, ஊரோடு ஒத்துப் போகிறாள் என்றே நினைத்தேன்.

காலைக் கஞ்சியோடு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவாள். இரவுச் சமையல் என் பொறுப்பாயிற்று. பகலில் குப்பத்துத் தற்காலிகக் குடியிருப்புகளில் நிவாரண வேலை. திரும்பி வந்ததும் அடுப்பு. அப்பாவுக்கோ அந்த ஆண்டு உப்பளத்தில் உப்பு வாரும் வேலை இல்லை. பாத்திகளில் படிந்திருந்த கடற்சேற்றை வெட்டி அள்ளும் வேலை. இடுப்பு ஒடிந்து வரும் மனிதருக்கு ரசமும் அப்பளமும் போட்டுச் சமாளிக்க முடியாது. அதுவரை அவருடைய வயிற்றை நிறைத்தது மீன் குழம்புதான். அதன் இடத்தில் எதை வைப்பது என்று நான் மிகவும் பொறுப்பாக யோசித்தேன்.

கேழ்வரகுக் களி கிண்டி, முருங்கைக்கீரையைத் துவரம்பருப்போடு கடைந்து ஊற்றினேன். மொச்சைக்கொட்டையை ஊறவைத்துக் கத்திரிக்காயோடு புளிக்குழம்பு வைத்தேன். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கும் அது வந்தது. கம்பை உடைத்து வெங்காயம் சேர்த்துக் கனமாக அடை தட்டி, வேர்க்கடலைத் துவையல் அரைத்தேன். காராமணியும் பரங்கிக்காயும் போட்ட காரக்குழம்பு, கொள்ளு மசியல், வாழைக்காயை வேகவைத்து உதிர்த்துத் தேங்காய் போட்ட பொடிமாஸ் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்ளும் இரவுகளில், இந்த வீடு எழுந்து நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றும்.

பங்குனிக்குள் ஊர் மீனுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். "இன்னாக்கா, கடலுக்கே கோவம் அடங்கிடுச்சி, உனக்கு அடங்கலியா? என் வூட்டுலயும் ரெண்டு பேர வாரிக்கினு போச்சி. நான் கூடைய தூக்கல?" அம்மா உள்ளிருந்தே, "எங்க வூட்ல இன்னும் முடியல, போம்மா" என்றாள். என்ன முடியவில்லை என்று மீன்காரம்மா கேட்கவில்லை. அண்ணி கைவேலையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நானும் கவனிக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா மல்லிகைச் சரம் வாங்கி அண்ணியின் தலையில் தன் கையாலேயே வைப்பாள். "புருஷன் இருக்கறவ மூளியா நிக்கக்கூடாது." அடுப்படியிலோ சாவு வீட்டு நியமம். கருமாதிப் பேச்சை எடுத்தால், "அவன் எங்கியோ ஆஸ்பத்திரியில நெனவு இல்லாம கெடக்கிறான்" என்று எழுந்து போய்விடுவாள். வாயால் மகனை உயிரோடு வைத்திருந்தாள், சமையலால் சாகடித்திருந்தாள். இரண்டுக்கும் நடுவில் நின்றவள் அண்ணி.

அண்ணியின் அப்பா அவளைக் கூட்டிப்போகக் கிளியனூரிலிருந்து இரண்டு தடவை வந்தார். ஆரோவிலில் தையல் வேலை செய்யும் அண்ணியின் சித்தி மகள், அங்கே இவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். அண்ணிக்கு நன்றாகத் தைக்க வரும். போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அம்மா விடவில்லை. "பொண்டாட்டி எங்கன்னு அவன் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" கருமாதி நடக்காதவரை அவள் காத்திருக்கும் மனைவி, அவளுக்குப் பிறந்த வீடும் இல்லை, வேலையும் இல்லை. சம்பந்தி இரண்டு முறையும் என் குழம்பைப் பாராட்டிச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு மாலை. சேனைக்கிழங்கைத் தடிமனாக வில்லை போட்டு, புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, மிளகாய்த்தூள், தனியாத்தூள், சோம்பு அரைத்துப் பூசித் தோசைக்கல்லில் முறுக வறுத்திருந்தேன். அண்ணி பரிமாறினாள். அப்பா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, யோசிக்காமல், "அட, வஞ்சிரமாட்டமே இருக்குது" என்றார்.

அம்மா தட்டைத் தள்ளினாள். "இந்த வூட்ல அந்தப் பேச்சு வேணாம்."

"ஏன் அத்தை வேணாம்?" என்றாள் அண்ணி.

"ஏன்னு கேக்கறியா? நாக்கு கேக்குதா உனுக்கு? அன்னிக்கும் உன் நாக்குதாண்டி கேட்டுச்சி."

ஏழு மாதமாகக் களியிலும் கீரையிலும் பரிமாறப்பட்டுவந்த வாக்கியம் அன்றுதான் வாய்வழியாக வந்தது. கூடையை எடுத்துக் கொடுத்தது யார் என்று அண்ணி திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, கேட்டது நான்தான். இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. வெள்ளிக்கிழமையானா பூ வெச்சி வுடறீங்க. அடுப்படியில பொணம் விழுந்த வூடு மாதிரி கவிச்சிய நிறுத்தி வெச்சிருக்கீங்க. இந்த வூட்ல நான் யாரு? காத்துக்கினு கெடக்கறவளா, அறுத்தவளா?"

"அண்ணி, சாப்டுட்டுப் பேசலாம்" என்றேன் நான்.

என் பக்கம் திரும்பினாள். "நீ சும்மா இரும்மா. நீ நல்லா சமைக்கிற, யாரு இல்லன்னா? தெனம் ஒண்ணு புதுசா செஞ்சி வயித்த ரொப்பி வுட்டுடற. அதான் இந்த வூட்ல யாருக்கும் எதுவும் உறைக்கல."

உப்புச்சப்பில்லாத சோற்றை அப்பாவுக்குப் போட்டிருந்தால் மாசி மாதமே அவர் குரல் எழுப்பியிருப்பார். கேள்வி அப்போதே நடுவீட்டுக்கு வந்திருக்கும். ருசியாகவும் சத்தாகவும் சமைப்பது நன்மை தவிர வேறெதையும் விளைவிக்காது என்று, படித்தவர்களுக்கே உரிய நம்பிக்கையோடு, நான் இருந்தேன். ஒரு குடும்பம் தன் அநியாயத்தோடு சௌகரியமாக வாழ்ந்துவிடவும் அதே சாப்பாடு உதவும்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வர்ற அமாவாசைக்குக் காரியத்த செஞ்சிடலாம்."

"அவன் வந்துட்டா?" என்றாள் அம்மா.

"வந்தா வரட்டும். கருமாதி பண்ணவன் எழுந்து வந்துட்டான்னு ஊரு சிரிக்கட்டும். நானும் கூட சேந்து சிரிக்கிறேன்."

ஆடி அமாவாசையன்று கரையில் படத்தை வைத்துக் காரியம் நடந்தது. அப்பா கடலில் முழுகிவிட்டு வந்தார். வீட்டில் பொட்டழித்து வளையல் உடைக்கும் சடங்குக்குப் பெண்கள் கூடியபோது, இது வேண்டாம் என்று நான் வாதாடினேன். "படிச்ச பொண்ணு அப்படித்தான் பேசும்" என்று ஓர் அத்தை என் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். அண்ணி தானே இரண்டு கைகளையும் நீட்டினாள். "செய்யுங்க. இதையாவது பாதியில வுடாதீங்க."

அன்று மாலை பங்காளிகள் வாசலில் கறிக்குழம்பு காய்ச்சினார்கள். பந்தியில் சிரிப்பும் பேச்சும் மெல்லத் திரும்பின. அண்ணி ஒரு பிடி சோற்றில் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். அதற்கும் பின்வரிசையில் ஒருத்தி, "பார்த்தியா, எறங்குது" என்று முணுமுணுத்தாள். அம்மா சாப்பிடவில்லை.

அந்த வாரமே அண்ணி கிளியனூருக்குப் போனாள். 2006 பொங்கலுக்குப் பிறகு ஆரோவிலில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. இரவுச் சமையலை அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னும் மீன் சமைப்பதில்லை. அப்பா வேண்டும்போது கடைத்தெருவில் மீன் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அம்மா வைப்பதை நான் சாப்பிடுகிறேன்; மூவரும் ஒன்றாக உட்காருவதில்லை.