புங்கெண்ணெயில் நின்ற என்ஜின்

என் மேசைமேல் ஒரு பித்தளை வால்வு கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூன்று வாய், மேலே ஒரு சின்னக் கைப்பிடி. கைப்பிடி இடது பக்கம் இருந்தால் டீசல் போகும், வலது பக்கம் இருந்தால் புங்கெண்ணெய் போகும். இப்போது அது வலது பக்கம் இருக்கிறது. போன வாரம் வரைக்கும் உள்ளே காய்ந்துபோன எண்ணெய் பிசின்போல் இறுகி அதை அசையவிடாமல் பிடித்துவைத்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் சரி என்று விட்டுவிடுவேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். பிள்ளைகளின் விடைத்தாளைத் தவிர வேறு எதையும் திருத்தி எனக்குப் பழக்கமில்லை.

அந்த வால்வைத் தேடி வாங்கிவந்து என்ஜினில் பொருத்தியவர் என் மைனி, அதாவது அண்ணனின் மனைவி. பத்தமடைக்கு மேற்கே எங்களுக்கு வாழைத் தோட்டம். கால்வாயின் கடைசியில் இருக்கிற நிலம். மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. சித்திரையில் கால்வாயை அடைத்துவிட்டால் கிணறுதான் கதி. இலவச மின்சாரத்துக்கு எழுதிப்போட்டிருந்தோம். வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. ஆகவே ஆயில் என்ஜின். விளைவதில் பாதியை அந்த என்ஜினே டீசலாகக் குடித்துவிடும். அதனால்தான் அண்ணன் சவுதியில் இருந்தான். அங்கே உழைத்து, இங்கே என்ஜினுக்கு ஊற்றினான் என்று சொன்னால் கேலியாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

மைனியின் கணக்கு வேறு. என்ஜின் டீசல் குடிக்காமல் ஓடினால் அண்ணன் ஊரிலேயே இருக்கலாம். அவர் கல்யாணமாகி வந்த வருஷமே வரப்பில் பதினோரு புங்கங்கன்று வைத்தார். நிழலுக்கு என்று வாப்பா நினைத்தார். மரங்கள் காய்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏதோ ஒரு விவசாயக் கூட்டத்தில் கொடுத்த துண்டுத்தாளை அத்தனை வருஷம் பீரோவில் வைத்திருந்திருக்கிறார். காய்களை வெயிலில் போட்டு, தட்டி, கொட்டையைச் சேரன்மகாதேவி மில்லில் ஆட்டி, எண்ணெயை டிரம்மில் ஒரு வாரம் தெளியவிட்டு, வாப்பாவின் பழைய கைலியை நாலாக மடித்து வடிகட்டுவார். என்ஜினின் சைலன்சரைச் சுற்றிச் செப்புக் குழாய் ஓட்டி, அந்தச் சூட்டில் எண்ணெய் இளகிப் போகும்படி செய்திருந்தார். புண்ணாக்கு வாழைக்கு உரமாகிவிடும். இதற்கெல்லாம் கூப்பிட்ட மெக்கானிக், "மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கலாம், என்ஜினுக்குப் புங்கங்கொட்டை வைக்கலாமா வே?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தார். என்ஜின் ஓடியது. புகையில் தாளிப்பு மாதிரி ஒரு வாசம் வரும். "ஒங்க மைனி கிணத்துல வடை சுடுதாவளா?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்பார்கள். நாலு வருஷம் அப்படி ஓடியது.

மைனிக்கு ஒரே ஒரு சட்டம்தான். "டீசல்ல எழும்பணும், டீசல்ல படுக்கணும். நடுவுல எண்ணெய் குடிக்கட்டும்." முதல் பத்து நிமிடம் டீசலில் ஓட்டிச் சூடேற்றிவிட்டு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மறுபடியும் டீசலுக்குத் திருப்ப வேண்டும். குழாயிலும் என்ஜினின் எரிபொருள் பம்பிலும் இருக்கிற எண்ணெயை டீசல் கழுவிவிட்டால்தான் மறுநாள் என்ஜின் எழும்பும். வீட்டுப் பின்வாசலிலிருந்து பம்ப் ரூம் ஒரு கூப்பிடு தூரம். அடுப்படியில் நின்றபடியே, "இப்பத்தான் டீசலுக்குத் திருப்பியிருக்கிய" என்று சொல்லிவிடுவார். சத்தம் மாறும் என்பார். எனக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும்.

அந்தச் சித்திரை விடுமுறையில் தண்ணீர் பாய்ச்சும் வேலை என்னுடையது. ஏத்தன் வாழை குலை தள்ளியிருந்தது. அந்தக் குலைகள் வெட்டுகிற நேரத்தில் அண்ணன் மொத்தமாகத் திரும்பி வருவதாக இருந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும். செல்போன் அடித்தது. அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "இருங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டே எட்டி நிறுத்தும் கம்பியை இழுத்தேன். என்ஜின் நின்றது. அந்த அமைதியில் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். எழுந்திருக்கவில்லை.

நான் வீட்டுக்கு நடந்தேன். ஓடவில்லை என்பது நினைவிருக்கிறது. வாய்க்காலில் செருப்பு மாட்டிக்கொண்டது, அதை நின்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். மைனி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். உம்மா போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்தி மைனியைக் கட்டிப்பிடித்து அழுதாள். மைனி அழவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, டீசலுக்கு மாத்திட்டா நிப்பாட்டுனிய?"

எல்லாருக்கும் கேட்டது. அழுதவள் கையை எடுத்துவிட்டாள். "ஆமா மைனி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சு அந்த இடத்தில் முடிந்தால் போதும் என்றிருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பப் போய் என்ஜினை எழுப்பி, டீசலில் பத்து நிமிடம் ஓட்டியிருக்க வேண்டும். மவுத்து விழுந்த வீட்டில் என்ஜினைத் தடதடவென்று ஓடவிடுவார்களா? அன்று சாயங்காலத்துக்குள், புருஷன் மவுத்தான சேதிக்கு டீசலைப் பற்றிக் கேட்டவள் என்று தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது.

அண்ணனை அங்கேயே அடக்கினார்கள். இங்கே வந்தது அவனுடைய பெட்டிதான். மைனி சின்ன மகளோடு உள்ளறையில் இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் விதவை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது; கட்டிக்கொள்ளும் முறையுள்ள ஆண்கள் கண்ணில் படக்கூடாது. கொழுந்தனும் அதில் சேர்த்தி. உள்ளறை வாசலில் ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். தினமும் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு எனக்கு அந்தப் போர்வைதான். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது.

பன்னிரண்டு நாள் யாரும் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. பதின்மூன்றாம் நாள் போய் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். கை காய்த்ததுதான் மிச்சம். மெக்கானிக் வந்து பிரித்தார். எரிபொருள் பம்புக்குள் எண்ணெய் கோந்தாகிப் பிளஞ்சர் தண்டு இறுகிவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேம்லா. கண்டதையும் ஊத்துனா இப்பிடித்தான் வே" என்றார். அந்தப் பழைய என்ஜினுக்குச் சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும். வாடகைக்கு என்ஜின் கேட்டு அலைந்தோம். சித்திரையில் யாருடைய என்ஜின் சும்மா இருக்கும்? பிஞ்சுக் குலையோடு வாழைகள் ஒவ்வொன்றாக இடுப்பு ஒடிந்து விழுந்தன. பகலில் விழுகிற சத்தம் வீட்டுக்கே கேட்கும்.

வாப்பா கூடத்தில் நின்று கத்தினார். "இவ எண்ணெயும் இவ கூத்தும்! தோட்டத்தையே தின்னுட்டாளே." உம்மா திரைக்குள் போய்விட்டு வந்து சொன்னாள்: "டீசல்ல நின்ன என்ஜின் இப்பிடி இறுகாதுன்னு சொல்லுதா. தம்பிகிட்ட இன்னொரு வாட்டி கேளுங்கங்கா." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திரை அசையாமல் இருந்தது. "மாத்திட்டுத்தான் நிப்பாட்டுனேன்" என்றேன். முதல் பொய் வாய் தவறி வந்தது. இது அப்படி வரவில்லை. நன்றாக யோசித்து, எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

அடுத்த வாரம் வாப்பா எண்ணெய் டிரம்களைச் சோப்புப் போடுகிற ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிறகு ஆள் வைத்துப் பதினோரு மரத்தையும் வெட்டினார். இரண்டு நாள் கோடரிச் சத்தம். நான் திரைக்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய், நிறுத்துங்கள், தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மரம் சாய்கிற ஒவ்வொரு முறையும் அடுத்த மரத்துக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். அண்ணனுக்காக எனக்கு அழுகை வரவில்லை, மரத்துக்காகவும் எதுவும் தோன்றவில்லை. கையில் மரத்துப்போன விரல் மாதிரி எல்லாம் என்னோடுதான் இருந்தது, என்னுடையதாக இல்லை.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் மைனி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேராகப் பம்ப் ரூமுக்குப் போனார். நான் பின்னால் போனேன். என்ஜினில் இப்போது டீசல் குழாய் மட்டும்தான் இருந்தது. மெக்கானிக் கழற்றிப்போட்ட வால்வு ஜன்னல் திண்டில் கிடந்தது. மைனி அதை எடுத்துத் துப்பட்டி முனையால் துடைத்தார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. வலது பக்கமே இருந்தது.

"மைனி" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. சத்தம் மாறாமப் பொசுக்குன்னு நின்னுச்சுல்லா. என்னமோன்னு பயந்துதான் பின்வாசலுக்கே வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டா என்னட்டக் கேட்டிய?"

"ஒங்க அண்ணன் போனது என் கையில இல்ல. அவுக வந்து இருக்கதுக்குன்னு நான் வச்சிருந்தது இது ஒண்ணுதான். கேட்டா ஓடிப்போயி மாத்துவியன்னு நெனச்சேன்." வால்வை மறுபடியும் துடைத்துக்கொண்டே பைய சொன்னார்: "பெறவு மரத்த வெட்டும்போதாவது சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க பேப்பர் திருப்புத சத்தம் கேட்டுச்சு."

வால்வை என் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாப்பா கடைசிவரை அந்த எண்ணெயைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். இப்போது தோட்டத்துக்குக் கரண்டு வந்துவிட்டது, குத்தகைக்காரர் சுவிட்சைத் தட்டுகிறார். மைனி மேலப்பாளையத்தில் மகளோடு இருக்கிறார். பெருநாளுக்குப் போனால் எனக்கு முதலில் தட்டு வைப்பார். ஒரு குறையும் வைக்கமாட்டார். அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் வால்வை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மூன்று நாள் கழித்து எடுத்துத் திருப்பினால் இரண்டு விரலுக்கே திரும்பிவிட்டது. கைப்பிடியை டீசல் பக்கம் வைத்துப் பார்த்தேன். பிறகு வலது பக்கமே திருப்பி மேசையில் வைத்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும் வால்வோடு மேலப்பாளையத்துக்குக் கொண்டுபோய், மகளுக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் நின்றது என்பதை அவர்கள் பார்க்கட்டும்.