ஒரே பேட்ச்சில் இரண்டு சீட்டு

பர்லாத் ஓய்வூதிய அலுவலகத்தில் நான்காம் ஜன்னல் என்னுடையது. முழங்காலும் முதுகும் போன வயசாளிகளுக்கு, சேறும் உப்பு நீரும் உள்ள குளியல் ஊர்களுக்கான சிகிச்சைச் சீட்டு எழுதித் தருவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். சீட்டு கிடைத்தவர்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கிடைக்காதவர்கள் என்னையும் செத்துப்போன என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவார்கள். ஹரலாம்பியே புடாக்கு மட்டும் இந்த இரண்டு கட்சியிலும் சேராத மனிதர். அவரைப் பற்றி எழுத வேறு ஆள் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

பேரிங் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் சிமெண்டுத் தரையில் நின்றே வேலை பார்த்தவர். மனைவி சீக்கிரம் போய்விட்டாள். இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்த்தார். இரண்டும் ஸ்பெயினுக்குப் போய், அங்கே யாருடைய அப்பாக்களையோ குளிப்பாட்டிச் சம்பாதிக்கின்றன. இவர் இங்கே தன் முழங்காலுக்குத் தானே முட்டைக்கோஸ் இலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றுவார். கையில் சீமை மாதுளம்பழம் இரண்டு இருக்கும். லஞ்சமாக ஜன்னலுக்குள் வரும் காபிப் பொட்டலத்தை நான் தொட்டதே இல்லை என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். ஆனால் அவருடைய பழத்தை வாங்கும்போது மட்டும் எனக்கு வெட்கமே வந்ததில்லை.

முதல் தடவை அவரை சராத்தா என்ற குளியல் ஊருக்கு அனுப்பியது நான்தான். செப்டம்பர் எட்டாம் தேதி பேட்ச், பதினெட்டு நாள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் எந்த நாற்காலியோ, கடைசி நாள் வரை அதேதான். மாறி உட்கார்ந்தால் பரிமாறுகிற அம்மா கரண்டியோடு வந்துவிடுவாள். ஹரலாம்பியேவுக்கு எதிர் நாற்காலியில் லியொன்டினா என்ற பெண்மணி. நாட்டின் அந்தக் கோடியில், டான்யூப் கரையில் இருக்கும் செவெரின் ஊர்க்காரர். நெசவாலையில் வேலை பார்த்துத் தறிச் சத்தத்தில் காது போனவர். விரல்களும் முடங்க ஆரம்பித்திருந்தன. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

ஊர் திரும்பி வந்த ஹரலாம்பியே என் ஜன்னலில் நின்று சொன்னார்:

"வெளிச்சத்துக்கு மூஞ்சியத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையா நிதானமாப் பேசணும் அவகிட்ட. நான் பொண்டாட்டிகிட்டகூட அப்படிப் பேசினதில்ல, ஸ்மரான்டாம்மா."

"அப்படி என்னண்ணே பேசுனீங்க?"

"ஒண்ணுமில்ல. சூப்புல உப்பு கம்மின்னு சொன்னேன்."

"அதுக்கா காது வரைக்கும் சிவக்குறீங்க?"

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆறு வருடம் இப்படிப் போனது. இவர் இங்கே எட்டாம் தேதி பேட்ச் கேட்பார்; அந்த அம்மா செவெரினில் அதே பேட்ச் கேட்பார். வருடத்தில் பதினெட்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்து களியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவார்கள். சாயங்காலம் அக்கார்டியன் வாசிக்கிற மண்டபத்தில், தாளம் காதில் விழாத அந்த அம்மா இவர் தோளில் கைவைத்து, இவர் நொண்டுகிற கணக்குக்கு ஆடுவாராம். மீதி நாளெல்லாம் கடிதம்தான். காது கேட்காதவரிடம் தொலைபேசியில் என்ன பேசுவது? நேரில் போகலாமே என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"மகன் வீட்ல இருக்கா. மருமக ஒரு மாதிரி. 'வராதீங்க, எழுபது வயசுல இது என்ன கூத்துன்னு கேப்பாங்க'ன்னு எழுதிட்டா. அவளே வேணாங்கிற எடத்துக்கு நான் எப்படிப் போய் நிப்பேன்?"

பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. முதியோர் சிகிச்சைச் செலவு கைமீறிப் போகிறதாம். பதினெட்டு நாள் பன்னிரண்டாகக் குறைந்தது. யாருக்குச் சீட்டு என்பதை இனி கம்ப்யூட்டர் மதிப்பெண் போட்டு முடிவு செய்யும். போன வருடம் போனவர் இந்த வருடம் பட்டியலின் அடியில். போகாதவர் மேலே. மேலிடத்துக்காரர்களை வாயாரத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வருடம், கூன் விழுந்து தரையைப் பார்த்தே நடக்கும் ஒரு கிராமத்து அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், அதை முத்தமிட்டார். அதற்கு முன்னால் இத்தனை வருடமும், ஜன்னல் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களுக்குத்தான் நான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்குத் தைத்தது.

ஹரலாம்பியேவுக்கு மட்டும் அந்த உத்தரவு வேறு விதமாக விழுந்தது. புது முறையின் முதல் வருடம் அவருக்குச் சீட்டு கிடைத்தது, லியொன்டினாவுக்குக் கிடைக்கவில்லை. எதிர் நாற்காலியில் ரயில்வே ஓய்வுக்காரர் ஒருவர் உட்கார்ந்து பன்னிரண்டு நாளும் தன் பித்தப்பையைப் பற்றியே பேசினாராம். அடுத்த வருடம் அந்த அம்மா பட்டியலின் மேலே, இவர் அடியில். அதற்கடுத்த வருடம் தலைகீழ். இப்படியே விட்டால் சாகும்வரை ஒருவர் வருகிற வருடம் மற்றவர் வர முடியாது. இருவரும் ஒரே பேட்ச்சில் சேர வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

"இல்லாட்டி யாராவது திருப்பிக் குடுக்கிற சீட்டு எனக்குக் கெடைக்கணும்" என்றார் அவர். அதற்கும் ஒரு வழி இருந்தது. நாட்டில் எங்கே சீட்டு திரும்பினாலும் கம்ப்யூட்டரில் ஏறும். முதலில் கேட்கிற ஜன்னலுக்கு அது போகும். மறுபடி அந்த அம்மாவின் முறை வந்த நான்காம் வருடம், ஆகஸ்ட் முழுக்க அவர் தினமும் வந்தார்.

"வந்துச்சாம்மா?"

"வந்தா உங்க வீட்டுக்கே ஓடி வந்து சொல்றேண்ணே. இப்படி தெனமும் நொண்டிக்கிட்டு வந்தா சேறு போதாது, புதுக் காலுதான் வாங்கணும்."

மாதக் கடைசியில், எதுவும் கிடைக்கவில்லை என்று லியொன்டினாவுக்கு எழுதிப் போட்டார். செப்டம்பர் ஆறாம் தேதி காலையில் என் திரையில் ஒன்று ஏறியது. சராத்தா, எட்டாம் தேதி பேட்ச். கத்தியேவிட்டேன். அன்றும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, முழங்காலை மறந்து ஓடி வந்தார். அச்சாகி வந்த சீட்டைக் கையில் எடுத்த பிறகுதான் திரையின் கீழ்வரியைப் படித்தேன். சீட்டைத் திருப்பியது செவெரின் அலுவலகம். பெயர்: லியொன்டினா வுல்பெஸ்கு.

எங்கள் வேலையில் கடைசி நேரத்தில் ஒரு சீட்டு திரும்புகிறது என்றால், ஒன்று அந்த ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார், அல்லது சவப்பெட்டியில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் பல்லை நான் பார்த்ததே அன்றுதான். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசை. நான் சொல்லவில்லை. கோழை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். சீட்டை நீட்டினேன், "நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணே" என்றேன்.

இருபதாம் தேதிக்கு மேல் திரும்பி வந்தார். வரிசை முடியும்வரை காத்திருந்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ணே" என்றேன். "சொல்ல வாய் வரல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கே பட்டியலெல்லாம் முன்பே அச்சடித்து ஒட்டியிருந்தார்களாம். சாப்பாட்டு மேஜையில் இவர் இடத்தில் வைத்திருந்த காகிதத்தில் அந்த அம்மாவின் பெயர். பரிமாறுகிறவள் அதை எடுத்துவிட்டு வேறு எழுதப் போனபோது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

"பன்னெண்டு நாளும் அவ பேருக்கு முன்னாடிதான் சாப்பிட்டேன். சேத்து அறை வாசல்ல 'லியொன்டினா வுல்பெஸ்கு!'ன்னு கூப்புடுவாங்க. 'இருக்கேன்'னு கையத் தூக்குவேன். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அவ உசுரோட இருக்காளா இல்லையான்னு தெரியாம, 'இருக்கேன் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டிருந்தேன், ஸ்மரான்டாம்மா."

நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப?"

"இருக்கா" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். இவர் ரயிலேறிய மறுநாள் வந்து கதவடியில் கிடந்திருக்கிறது. எனக்கும் படிக்கக் கொடுத்தார். 'உங்களுக்குச் சீட்டு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் என் சீட்டை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த வருடம் நாம் இரண்டு பேருமே போகவில்லை என்றால், வருகிற வருடம் இரண்டு பேருமே மேலே இருப்போம். நான் நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். அந்த அம்மா போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சீட்டை வாங்குகிற ஆளைத்தான் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. இவர் போய்விட்டு வந்ததால், வருகிற வருடமும் அந்த அம்மா மேலே, இவர் அடியில்.

பிப்ரவரியில் விண்ணப்பம் கொடுக்கிற காலம் வந்தது. ஹரலாம்பியே இன்னொரு கடிதத்தோடு வந்தார். இந்த வருடமும் நான் விட்டுவிடுகிறேன், அடுத்த வருடம் நிச்சயமாகச் சேர்ந்துவிடலாம் என்று எழுதியிருந்தார் லியொன்டினா. இந்தத் தடவை கணக்கு சரிப்பட்டு வரும் என்று எனக்கே தோன்றியது.

"ஒரே ஒரு வருஷம்ணே. பொறுத்துக்கலாமே?"

"எழுத்தப் பாருங்க."

அதற்கு முந்தைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். அது பொடி எழுத்து, வரிக்கு வரி நேராக இருந்தது. புதியதில் ஒரு பக்கத்துக்கு ஐந்தே வரி. ஒவ்வொரு எழுத்தும் சுவரில் கரியால் கிறுக்கியதுபோல் இருந்தது.

"ரெண்டு வருஷமா சேறு படல. வெரலு மடங்கல. கரண்டி புடிக்க முடியலன்னு மருமக ஊட்டுறாளாம், கடைசி வரில எழுதியிருக்கா. இன்னொரு வருஷம் விட்டா பேனா புடிக்கவும் கை இருக்காது. போன்லயும் பேச முடியாது, லெட்டரும் கெடையாதுன்னா, அப்புறம் என்ன இருக்கு எங்களுக்கு?"

"சரி, இந்த வருஷம் போகச் சொல்லி எழுதுங்க."

"எழுதினேன். நீங்க இல்லாம நான் மட்டும் போக மாட்டேன்னுட்டா. பிடிவாதம். அதனால வேற மாதிரி எழுதப் போறேன்." தொப்பியைக் கையில் உருட்டினார். "எனக்கும் சீட்டு கெடச்சிருச்சு, எட்டாம் தேதி பேட்ச்னு."

"அடப் பாவி மனுஷா!" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவங்க அங்க வந்து ஒங்களத் தேடுவாங்களே!"

"தேடுவா."

"ஸ்பெயினுக்குப் போன் போட்டு மகள்கிட்ட கேளுங்க, அரசுச் சலுகை இல்லாம முழு விலைக்கே வாங்கித் தரட்டும்."

"கேட்டேன். 'போன வருஷந்தானப்பா போயிட்டு வந்தீங்க'ன்னா. அவ சொல்றதும் நாயந்தானே? காலுக்குன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன்."

கோடை முழுக்க நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு பேட்ச்களில் மூன்று சீட்டு திரும்பின. மூன்றும் வேறு ஊர். எட்டாம் தேதி பேட்ச்சில் ஒன்றுகூட இல்லை. அவர் ஒரு நாளும் வந்து கேட்கவில்லை.

எட்டாம் தேதி காலையில் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கோட்டு. ஜன்னலுக்கு வரவில்லை, எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மதிய இடைவேளையில் நான் ஜன்னலை மூடிவிட்டு வெளியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தின்னவில்லை.

"இந்நேரம் சூப் வச்சிருப்பாங்க" என்றார். "கதவையே பாத்துக்கிட்டு இருப்பா."

"எப்பத்தான் புரிஞ்சுக்குவாங்க?"

"மூணாம் நாள் சாயங்காலம். அதுக்கப்புறம் பேட்ச்ல யாரும் வந்து சேர முடியாது. அவளுக்கும் அது தெரியும்."

"அப்புறம் என்ன செய்வாங்க?"

"திட்டுவா. நல்லாத் திட்டுவா. ஆனா சேத்துக்குப் போவா. வந்த எடத்துல சும்மா உக்காந்திருக்கிற ஆள் இல்ல அவ." கையிலிருந்த ரொட்டியை மடியில் வைத்தார். பிறகு, எங்கேயும் பார்க்காமல், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "எனக்கு அவளப் பாக்கணும்போல இருக்கு, ஸ்மரான்டாம்மா."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. ஜன்னலில் பதினோரு பேர் நின்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் அலுவலகம் மூடுகிறவரை அதே பெஞ்சில் இருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் வந்து, அவர் சொன்ன அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் வரை இருந்தார். நான்காம் நாள் வரவில்லை.